குடிக்காமல் வைத்த காபி

அடுப்பில் காபி பொங்கி வழிந்து, தீய்ந்த நாற்றம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வழக்கம்போல லிண்டால்வாதான் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

"பரவாயில்லையே அண்ணி" என்றாள் நாத்தனார் இவொனேத்தி. "கவுன்சிலரம்மா ஆனப்புறம் அடுப்பெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியாதோன்னு நெனச்சேன்."

லிண்டால்வா கரிந்த பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி ஓரமாக வைத்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண் எரிந்தது. வயிற்றுக்குள் இன்னொரு எரிச்சல், அது பல மாதத்துப் பழக்கம்.

கவுன்சிலரம்மா. அந்த வார்த்தை நேற்று ராத்திரி ரேடியோ வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. பெட்ரா மான்சா என்ற அந்தச் சின்ன ஊரில் நேற்று நகரமன்றத் தேர்தல். அவள் புருஷன் எட்மில்சன் நின்றிருந்தார். மாமனார் உட்கார்ந்த நாற்காலி அது. அவர் கண்ணை மூடிய நாளிலிருந்து எட்மில்சனுக்கு வேறு கனவே கிடையாது. போன தடவை தோற்றார். இந்தத் தடவை தோற்கவே முடியாது என்று ஊரே சொன்னது, தோற்கிறவர்களிடம் ஊர் எப்போதும் அப்படித்தான் சொல்லும். ஜெயித்தவர்கள் பெயரை ரேடியோக்காரன் வரிசையாக வாசித்தான். எட்மில்சன் பெயர் வரவில்லை. கடைசியாக, "ஆசிரியை லிண்டால்வா" என்றான். சொன்னவனுக்கே சந்தேகம் வந்து, நிறுத்தி, தாளைச் சரசரவென்று புரட்டிவிட்டு மறுபடி அதையே வாசித்தான். வாசலில் பட்டாசோடு தயாராக நின்ற பக்கத்து வீட்டுக்காரன், கொளுத்துவதா வேண்டாமா என்று புரியாமல் பட்டாசைத் தன் வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

லிண்டால்வா வேட்பாளர்தான், காகிதத்தில். கட்சிப் பட்டியலில் பெண்களும் இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் நீதிபதி மொத்தப் பட்டியலையும் தள்ளிவிடுவார். அதனால் எட்மில்சனின் கட்சிக்காரர்கள் பெண்டாட்டி, மச்சினி, சமையல்காரி என்று கைக்கு எட்டிய பெண்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். "டம்மிதான் லிண்டா, நீ ஒண்ணும் பண்ண வேணாம். கையெழுத்து மட்டும் போடு" என்றார் எட்மில்சன். அவள் சோள மாவு பிசைந்துகொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். இந்த வீட்டில் அவள் எதற்குத்தான் மறுத்திருக்கிறாள்?

கல்யாணமாகி வந்தபோது அவள் பாய்ஷா பள்ளிக்கூடத்தில் டீச்சர். வந்த அடுத்த வருஷமே மாமியார் போய்விட்டாள். தொட்டிலில் இவொனேத்தி. கட்டிலில் பக்கவாதம் வந்த மாமனார். வேலையை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் அவள் முகத்தை மட்டும் பார்த்தார்கள். அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சொந்தமாக ஒரு பிள்ளை பிறக்கவில்லையே என்று அழுத நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் இவொனேத்தியை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அழுகை நின்றுவிடும்.

"கேக்கறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு" என்றார் எட்மில்சன். ராத்திரி போட்ட சட்டையை இன்னும் மாற்றவில்லை, அவருடைய தேர்தல் நம்பர் பொறித்த சட்டை. மெஷினில் அந்த நம்பரை அழுத்தினால்தான் அவருக்கு ஓட்டு. "எனக்கு ஓட்டுக் கேக்கறேன்னு என்கூட வீடு வீடா வந்தியே... உனக்குத்தான் கேட்டியா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி? என்னைவிட ரெண்டு மடங்கு லிண்டா... ரெண்டு மடங்கு. மேடையேறினியா, பேசினியா? ஒரு வேன்ல மைக் கட்டிப் பாட்டுப் போட்டியா? சும்மா இருந்தவளுக்கு எப்படி வரும்?"

"மாதா மேல சத்தியமாச் சொல்றேன், நான் அழுத்துனது உங்க நம்பர்தான்."

"மெஷினுக்குள்ள யாரு போய்ப் பாத்தா" என்றாள் இவொனேத்தி. ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

வீடு வீடாகப் போனது உண்மைதான். மூன்று மாதம் வெயிலில் அலைந்தார்கள். அதுவும் பாய்ஷாப் பக்கம் அடிக்கடி போனார்கள். பள்ளத்தாக்கில் கிடக்கும் மூன்று குக்கிராமத்துக்கும் ஒரே ஓட்டுச்சாவடி, மடையைத் தாண்டித் தண்ணி லாரி போகாத இடம். அங்கே வேட்பாளர் படியேறினால் முதலில் காபி வரும். பேச்செல்லாம் பிறகுதான். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல குவளையைத் துடைத்து, சர்க்கரையை அள்ளிப் போட்டு நீட்டுவார்கள். அதைக் குடிக்காமல் வைத்தால் அந்த வீட்டின் முகத்தில் அடித்த மாதிரி.

எட்மில்சனுக்குக் கெட்ட மனசு கிடையாது. ஆனால் குட்டைத் தண்ணீரில் போட்ட காபி என்றால் அவருக்கு உடம்பு கூசும். வாங்கி வைத்துக்கொண்டு, ரோடு போடுவேன், லைட் போடுவேன் என்று பேசிக்கொண்டே இருப்பார். பேசி முடித்ததும் குவளையைப் பூப்போல ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். யாருக்கும் தெரியவில்லை என்று அவருக்கு எண்ணம். வீட்டுக்காரர்கள் கண்ணெல்லாம் அந்தத் திட்டின் மேலேயே இருப்பது லிண்டால்வாவுக்குத் தெரியும். அவள் தன் குவளையைக் குடித்து முடித்திருப்பாள். "அவருக்கு வயித்துப் புண்ணும்மா, டாக்டர் காபி கூடாதுன்னுட்டார். வீணாப் போக வேணாம், குடுங்க" என்று அவருடையதையும் எடுத்துக் குடித்துவிடுவாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும்.

வயிற்றுப் புண் யாருக்கு என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்று எட்மில்சன் எழுந்து நின்றார். "கணக்குக் காட்டணும்னு கட்சியில உன் பேருக்கு ஒரு கட்டு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தாங்களே. உன் படமும் நம்பரும் போட்டு. நம்ம கட்டிலுக்கு அடியில கெடந்துச்சே. இப்ப அது எங்க?"

அது எங்கே போனது என்று லிண்டால்வாவுக்குத் தெரியும். நேற்று விடிகிற நேரத்தில் இவொனேத்தி பைக்கை உதைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுப்போடும் நாள் விடியுமுன் ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூட வாசல்களில் நோட்டீஸை அள்ளிக் கொட்டுவது எல்லாக் கட்சிக்கும் உள்ள வழக்கம். வருகிறவர்கள் காகிதத்தை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், நம்பரை மறந்தவன் குனிந்து ஒன்றை எடுத்துக்கொள்வான். பைக்கின் பின்னால் எட்மில்சனின் மூட்டை இருந்தது. அதற்கு மேலே அவளுடைய கட்டும் இருந்தது. பார்த்தாள். எதற்கென்று புரியவில்லை. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் பைக் போய்விட்டது.

இப்போது இவொனேத்தியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதில் அப்பாவின் கண்ணாடியை உடைத்துவிட்டு இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் நான்தான் உடைத்தேன் என்று லிண்டால்வா பழியை ஏற்றுக்கொண்டாள்.

"எங்கன்னு கேக்கறேன்ல?"

"தெரியலைங்க..."

"பொய். இத்தனை வருஷத்துல உன் வாயில முதல் பொய்யக் கேக்கறேன்." அவர் குரல் உடைந்தது. "ஜெயிக்கணும்னு ஆசை இருந்தா சொல்லியிருக்கலாமே லிண்டா. பக்கத்துல நடந்து வந்துக்கிட்டே முதுகுல குத்திட்டியே. எங்கப்பாவோட நாற்காலி அது..."

அந்த அப்பா ஒன்பது வருஷம் பாயும் படுக்கையுமாக இருந்தபோது கழுவித் துடைத்துவிட்ட கை எது என்று அவள் கேட்டிருக்கலாம். கண்ணில் நீர் திரண்டதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. கட்சி ஏற்பாடுகளைப் பார்க்கும் ஜில்தாசியோ, ஒரு தாளை விசிறிக்கொண்டே வந்தார். எழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்தார், உள்ளே வந்ததும் அது கல்யாண வீட்டு முகமாகிவிட்டது.

"தலைவரே, ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? ஒண்ணும் குடி முழுகிப் போகல. நம்ம பட்டியல்ல லிண்டால்வா தங்கச்சிக்கு அடுத்த ஓட்டு உங்களுக்குத்தான். தங்கச்சி விலகிக்கிட்டா நாற்காலி தானா உங்களுக்கு வந்துரும். டைப் அடிச்சே கொண்டாந்துட்டேன். இங்க ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

தாளையும் பேனாவையும் மேஜையில் வைத்தார். எட்மில்சன் தாளைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"போட்டுரு" என்றார். "போட்டுட்டு... கொஞ்ச நாள் உங்கண்ணன் வீட்டுல போய் இரு. என்னால இப்ப உன் முகத்தப் பாக்க முடியல."

ஜில்தாசியோவே இதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார். அண்ணன் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு அங்கே லிண்டால்வா ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை, இந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு எப்போதும் காய்ச்சல் இருந்தது. கால் தானாக மேஜைக்குப் போனது. பேனாவை எடுத்தாள். இவொனேத்தியின் பக்கம் திரும்பாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

"டீச்சரம்மா இருக்காங்களா?"

வாசலில் ஜோவீனா நின்றாள். பாய்ஷாவில் பள்ளிக்கூடத்தை ஒட்டின வீட்டுக்காரி. வெள்ளைத் துணியில் எதையோ கட்டி மார்போடு அணைத்திருந்தாள். பின்னால் கேட்டுக்கு வெளியே நாலைந்து பெண்கள், செருப்பெல்லாம் செம்மண்.

"காலையிலயே நடந்து வந்துட்டோம். சந்தோஷமான வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுல்ல" என்று மூட்டையை மேஜையில் அவிழ்த்தாள். ஒரு ஃபிளாஸ்க், இரண்டு எனாமல் குவளை. விலகல் தாளின் மேலேயே குவளைகளை வைத்து ஊற்றினாள், அது என்ன தாள் என்று அவளுக்கு எங்கே தெரியும்? "ஐயா குடிக்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் வைக்கறது எங்க கடமை."

எட்மில்சனின் முகம் சிறுத்துவிட்டது. லிண்டால்வா பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள். ஜோவீனா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தொடாதீங்க தாயி. உங்களுக்கு இல்ல இது. வாசனை பாத்தாப் போதும்."

"ஏன், அவளுக்கு என்ன?" என்றார் எட்மில்சன்.

ஜோவீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுல இருக்கறவருக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்குப் பின்னால கள்ளிவேலி ஓரமா இந்தம்மா வாந்தியெடுத்துக்கிட்டு நின்னதை நான் பாத்தேன் ஐயா. ஒரு தடவை இல்ல. அதுல ரத்தம் இருந்துச்சு. அன்னைக்கி நீங்க முன்னால வேன்ல ஏறி உக்காந்துட்டீங்க. என்னம்மா இதுன்னு பதறிப் போயிட்டேன். அல்சர், காபியத் தொட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். அப்புறம் ஏம்மா குடிக்கறீங்கன்னேன். அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'குவளை நிரம்பியே இருந்தா உங்க மனசு நோகும், அவருக்கு ஓட்டு விழாது'ன்னாங்க."

எட்மில்சன் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார்.

"ரத்தமா..." என்றார். "லிண்டா, எனக்குத்தான் புண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருந்தியே... அது..."

"ஐயாவுக்கு ஒரு புண்ணும் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள் ஜோவீனா. "சந்தைக் கடையில நீங்க காபி குடிக்கறதை எங்க ஊர்ல எல்லாரும் பாத்திருக்கோம். அந்தம்மா ஒவ்வொரு வீட்டுலயும் எங்க கையப் புடிச்சு உங்களுக்குத்தான் கேட்டாங்க. கெஞ்சிக் கேட்டாங்க. பாத்தோம். ஓட்டு ஒண்ணுதான ஐயா இருக்கு எங்ககிட்ட. வச்சிட்டுப் போனவருக்குப் போடறதா, ரத்தம் கக்கிக்கிட்டுக் குடிச்சவளுக்குப் போடறதா? பட்டியல்ல இந்தம்மா பேரும் இருக்குன்னு தெரியும், நம்பர் தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தோம். நேத்து காலையில ஸ்கூல் வாசலுக்குப் போனா இந்தம்மா படமா கொட்டிக் கெடக்கு. மாதாவே அனுப்பின மாதிரி இருந்துச்சு. ஆளுக்கு ஒண்ணாப் பொறுக்கிக்கிட்டோம்."

"பாத்தீங்களா தலைவரே, கொட்டியிருக்காங்க" என்று ஜில்தாசியோ துள்ளினார். "யாரு கொட்டுனா? திட்டம் போட்டு..."

"நான் கொட்டினேன்."

இவொனேத்தி எழுந்து நின்றிருந்தாள்.

"நான்தாண்ணா. நோட்டீஸ் வீட்டுலயே கெடந்தா, டம்மின்னு கேஸ் போட்டுருவாங்கன்னு இந்த ஜில்தாசியோதான் சொன்னாரு. எங்கயாவது கொட்டித் தொலைச்சிரலாம்னு எடுத்துட்டுப் போனேன். பாய்ஷாவுல கொட்டினா யாரு பாக்கப் போறா, அண்ணி மூஞ்சிக்கு யாரு ஓட்டுப் போடப் போறான்னு... சிரிச்சுக்கிட்டேதான் கொட்டினேன். ராத்திரி ரேடியோ கேட்டதும் உயிரே போயிருச்சு. நீ என்னைக் கொன்னுருவேன்னு பயந்து, அண்ணியச் சொன்னேன்... வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்."

பிறகு அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். அடுத்து அவள் சொன்னதுதான் அந்த வீட்டுச் சுவரையே அசைத்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும். பைக்ல கட்டு இருந்ததை நீங்க பாத்தீங்க. பாத்துட்டுத்தான் தெரியலைன்னு சொன்னீங்க. வீட்டை விட்டுப் போகச் சொன்னப்பகூட வாயத் திறக்கல... ஏன் அண்ணி? நான் என்ன செஞ்சேன் உங்களுக்கு, நீங்க எனக்கு இப்படிச் செய்ய?"

"நீ செஞ்சாத்தான் நான் செய்யணும்னு கணக்கா?" என்றாள் லிண்டால்வா. "தொட்டில்ல கெடந்தப்ப என்ன செஞ்ச நீ? அழுதுக்கிட்டுத்தான் கெடந்த."

இவொனேத்தி ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் பாவாடையில் முகத்தைப் புதைத்து, விக்கி விக்கி அழுதாள். லிண்டால்வா குனிந்து அவளை வாரி அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற பெண்களும், எதற்கென்று முழுக்கத் தெரியாமலே, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜில்தாசியோவுக்கு மட்டும் வேலை பாக்கியிருந்தது. குவளைகளை மெல்ல நகர்த்தித் தாளை உருவினார். இரண்டு வட்டக் கறை விழுந்திருந்தது.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. இங்க ஒரு கையெழுத்து..."

லிண்டால்வா நிமிர்ந்தாள். கன்னத்தில் ஈரம் காயவில்லை. பேனாவை அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"ஏங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "வேலைய விட்டேன், எனக்கு வருத்தம் இல்ல. அது என்னுது, குடுத்தேன். இந்த வீட்டுக்காக இன்னும் எது கேட்டாலும் குடுப்பேன். இது என்னுது இல்லைங்க. இவங்க நடந்து போய்ப் போட்டது. நான் எப்படி எடுத்து உங்களுக்குக் குடுக்க முடியும்? போன்னு சொன்னா இப்பவே அண்ணன் வீட்டுக்குப் போறேன். கையெழுத்து போட மாட்டேன்."

எட்மில்சனின் சட்டையில் பொறித்திருந்த நம்பர் மேலும் கீழும் ஏறி இறங்கியது. பிறகு மேஜைக்கு வந்து ஒரு குவளையை எடுத்தார். குட்டைத் தண்ணீரின் கலங்கலும் ஏகப்பட்ட சர்க்கரையும் சேர்ந்த, ஆறிப்போன காபி. ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார். ஜோவீனா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் குவளையை அவளிடம் நீட்டிவிட்டு, லிண்டால்வா பக்கம் வைத்திருந்த இன்னொன்றையும் எடுத்தார்.

"அவளுக்கு வயித்துப் புண்ணும்மா" என்றார். அழுகையில் வார்த்தை பாதிதான் வந்தது. "டாக்டர் காபி கூடாதுன்னுட்டார். வீணாப் போக வேணாம்... நான் குடிக்கறேன்."

குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு லிண்டால்வாவின் முன்னால் வந்து நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டு ஆண்களுக்கு வராத வார்த்தை. அவருக்கும் வரவில்லை. அவள் தலையில் கையை வைத்தார், வைத்தபடியே தேம்பினார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எங்கயும் போகாத லிண்டா" என்றார். "உனக்கு நான் பால் காய்ச்சிக் கொண்டாறேன்."

"பாத்திரம் கரிஞ்சு கெடக்குங்க."

"தேய்ச்சுக்கறேன்."

அவர் அடுப்படிக்குள் போனார். கூடத்தில் ஜோவீனாவும் மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்து, மடையைத் தாண்டித் தண்ணி லாரி எப்போது வரும் என்று கவுன்சிலரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். லிண்டால்வா இவொனேத்தியின் தலையைக் கோதிக்கொண்டே பதில் சொன்னாள். உள்ளேயிருந்து பாத்திரம் தேய்க்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.